சரணாலயப் பலகை நட்டால் விலங்கு பிழைக்குமா? சுண்டிக்குளம் போய் வந்த பின் ஒரு கேள்வி

கேள்வி: தரவை (பருத்தித்துறை)

அனைவருக்கும் வணக்கம். நான் வடமராட்சியில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவள். மாசி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, எட்டாந்தரப் பிள்ளைகள் சிலரையும் அவர்களின் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு மருதங்கேணி, கட்டைக்காடு வழியாகச் சுண்டிக்குளம் வரை போனோம். ஒரு பக்கம் பெருங்கடல், மறு பக்கம் பரவைக்கடல். அங்கே கணைக்காலளவு நீரில் பூநாரைகள் கூட்டமாக நின்று, தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் வாய் திறக்காமல் அரை மணித்தியாலம் நின்றதை அன்றுதான் கண்டேன்.

திரும்பும் வழியில், தேசியப் பூங்கா என்று எழுதிய பலகை ஒன்றைக் கண்டோம். பலகைக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே தரவைதான். இரு புறமும் மாடுகள் மேய்ந்தன. நீருக்குள் சிறகுவலைத் தடிகள் இரு புறமும் தெரிந்தன. "ரீச்சர், பறவை பலகையை வாசிக்குமோ?" என்று ஒரு பையன் கேட்டான். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பின்னர்தான், அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒழுங்கான பதில் எதுவும் இல்லை என்பது உறைத்தது.

சரணாலயம், தேசியப் பூங்கா, ஒதுக்கிடம் என்று பல பெயர்கள் வழங்குகின்றனவே, இவற்றிடையே சட்டப்படி என்ன வேறுபாடு? அழிவை நோக்கிப் போகும் விலங்குகளை இவை உண்மையாகவே காப்பாற்றியிருக்கின்றனவா, அல்லது வரைபடத்தில் பச்சை நிறம் பூசிய அளவில் நின்றுவிட்டனவா? நெடுந்தீவு மட்டக்குதிரைகள் இந்த மண்ணுக்கு வந்தேறியவை என்று சொல்லப்படும்போது, அவற்றுக்கும் ஏன் ஒரு பூங்கா? தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்வதற்காகக் கேட்கிறேன் என்பதால், சொன்னதைப் பிறகு திருத்திக்கொண்டிருக்க விரும்பவில்லை.

பதில் 1: பழைய கோப்பு (நல்லூர்)

ஆசிரியைக்கு வணக்கம். கச்சேரியில் காணிக் கோப்புகளோடு நெடுங்காலம் மாரடித்தவன் என்ற முறையில், சட்டப் பகுதியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இலங்கையில் இவற்றுக்கெல்லாம் அடிப்படை, 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். அதன்படி மிக இறுக்கமானது கடும் இயற்கை ஒதுக்கிடம். ஹக்கல, ரிட்டிகல போன்ற அவ்வகை இடங்களுக்குள் ஆராய்ச்சிக்காக, அதுவும் அனுமதி பெற்றாலன்றி, எவரும் கால் வைக்க முடியாது. தேசியப் பூங்காவுக்குள் விலங்குகளைப் பார்ப்பதற்கு நுழைவுச்சீட்டுடன் போகலாம். ஆனால் அது முழுவதும் அரச காணியாகவே இருக்க வேண்டும். சரணாலயம் சற்று இளகியது. தனியார் உறுதிக் காணிகளும் வீடு வாசல்களும் வயல்களும் அதன் எல்லைக்குள் இருக்கலாம். மக்கள் வழக்கமாகச் செய்துவந்த தொழிலைத் தொடரலாம். ஆனால் விலங்கைக் கொல்வதும் கூட்டைக் கலைப்பதும் முட்டையை எடுப்பதும் குற்றம். ஆகவே சரணாலயத்துக்குள் மாடு மேய்வதைக் கண்டால் அதை உடனே சட்டமீறல் என்று எண்ணிவிட வேண்டியதில்லை.

சுண்டிக்குளத்தின் கதை இந்த இரண்டு வகையையும் தொடுகிறது. அது 1938 இல் பறவைகள் சரணாலயமானது. 2015 ஆனியில் எல்லை விரிக்கப்பட்டு, 19,565 ஹெக்டேயர் பரப்புடைய தேசியப் பூங்காவாயிற்று. நெடுந்தீவு, மடு வீதி, ஆதாம் பாலம் ஆகியனவும் அதே நாளில் பூங்காக்களாகின. எழுபத்தேழு ஆண்டுகள் சரணாலயமாக இருந்து, மக்கள் மேய்த்தும் மீன் பிடித்தும் பழகிய இடத்துக்கு ஒரே வர்த்தமானியால் வேறு சட்டம் வந்தது. நீங்கள் பலகையின் இரு புறமும் கண்ட ஒரே தரவைக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். பூங்காவின் எல்லையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் அபிவிருத்தி வேலை எதையும் தொடங்குவதற்கு வனஜீவராசிகள் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும் என்ற விதியும் உண்டு. ஊரில் பலருக்கு அது தெரிய வருவதே அத்திவாரம் வெட்டிய பிறகுதான்.

நெடுந்தீவைப் பற்றி: அந்த 1,846 ஹெக்டேயர், அழிந்துவரும் உயிரினம் ஒன்றுக்காக ஒதுக்கப்பட்டதன்று. போர்த்துக்கேயர் காலத்தில் வந்து ஒல்லாந்தர் காலத்தில் பெருகியவை என்று சொல்லப்படும் குதிரைகளின் வழிவந்தவை அங்குள்ள மட்டக்குதிரைகள். பாதுகாக்கப்படுவது ஒரு வரலாற்று எச்சம். கோடையில் கேணிகள் வற்றும்போது அவை மாடுகளோடு தண்ணீருக்குப் போட்டியிட்டு மெலிந்து சாவதையும், வர்த்தமானி ஒரு வாளி தண்ணீர் இறைக்காது என்பதையும், தீவுக்குப் போனவர்கள் அறிவார்கள்.

பதில் 2: உள்ளான் (திருநெல்வேலி)

விலங்கியல் படித்தவன். இரண்டாவது கேள்விக்கு என் பதில்: காப்பாற்றியும் இருக்கின்றன, கைவிட்டும் இருக்கின்றன.

காப்பாற்றியதற்கு முதல் சான்று அசாமிலுள்ள காசிரங்கா. 1905 இல் அதைக் காக்கும் முயற்சி தொடங்கியபோது ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகம் அங்கே விரல்விட்டு எண்ணும் நிலையில் இருந்தது. 2022 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2,613. ஆயினும் ஆண்டுதோறும் பிரமபுத்திரா பெருக்கெடுக்கும்போது, அந்த விலங்குகள் பூங்காவை விட்டு, நெடுஞ்சாலையைக் கடந்து, கார்பி மேட்டு நிலத்துக்குப் போய்த்தான் உயிர் பிழைக்கின்றன. அந்த மேட்டு நிலம் பூங்காவுக்கு வெளியே இருக்கிறது.

குஜராத்தின் கிர் காடு இன்னொரு வகை. ஆசியச் சிங்கம் உலகில் வேறெங்கும் எஞ்சாமல் அங்கே மட்டும் பிழைத்து, 2020 இல் 674 ஆகவும் 2025 இல் 891 ஆகவும் கணக்கிடப்பட்டது. பெருமைப்படத்தக்க செய்திதான். எனினும் எல்லா முட்டைகளும் ஒரே அடைக்கூட்டில் கிடக்கின்றன. 2018 இல் நாய்களிடமிருந்து பரவும் டிஸ்டெம்பர் வைரசு நுழைந்து இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது எல்லோரும் நடுங்கியதற்குக் காரணம், 1994 இல் ஆபிரிக்காவின் செரெங்கெற்றியில் அதே நோய் சிங்கங்களில் மூன்றிலொரு பங்கைக் கொண்டுபோனது நினைவில் இருந்தமையே. சில சிங்கங்களை வேறொரு காட்டில் குடியேற்றுமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2013 இலேயே தீர்ப்பளித்திருந்தது. இன்னும் ஒன்றுகூட மாற்றப்படவில்லை.

கைவிட்டதற்குச் சான்று ராஜஸ்தானின் சரிஸ்கா. புலிகள் காப்பகம் என்ற பெயர், எல்லை, அலுவலர், வாகனம் எல்லாம் இருந்தன. 2004, 2005 அளவில் தேடிப் பார்த்தபோது புலி மட்டும் இல்லை. திருட்டு வேட்டைக்காரர் கடைசிப் புலி வரை கொண்டுபோய்விட்டனர். பிறகு 2008 இல் ரந்தம்பூரிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று.

உங்கள் மாணவன் கேட்ட கேள்விக்கு மிக நெருங்கியது நீர்ப்பறவைகளின் கதைதான். சுண்டிக்குளத்திலும் மன்னார் வங்காலையிலும் நாம் காணும் கரைப்பறவைகளுள் பெரும்பாலானவை, மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் முட்டையிட்டு, வாடைக்காற்றோடு இங்கே வந்து, பங்குனி சித்திரையில் திரும்புபவை. அவற்றுக்கு வீடு ஒன்றன்று. முட்டையிடும் இடம், வழியில் இறங்கி உடம்பேற்றிக்கொள்ளும் இடங்கள், குளிர்காலத்தைக் கழிக்கும் இடம் என்று ஒரு சங்கிலி. வளைந்த நீள மூக்குடைய குதிரைமலைக் கோட்டானை நம் கரைகளில் இன்னும் காணலாம். அதன் ஒன்றுவிட்ட சகோதரமான மெல்லிய மூக்குக் கோட்டான் அற்றுப்போய்விட்டதாக 2025 இல் அறிவிக்கப்பட்டது. அது கடைசியாக ஐயமின்றிக் காணப்பட்டது 1995 இல், மொரோக்கோவின் மெர்ஜா செர்கா பரவையில். அந்தப் பரவை 1980 முதல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் உள்ள, பாதுகாக்கப்பட்ட இடம். குளிர்காலத்தில் அது தங்கிய வீடு பத்திரமாகத்தான் இருந்தது. முட்டையிடும் சதுப்புகள் வயல்களாகவும், பறக்கும் வழி வேட்டைக்களமாகவும் மாறியிருந்தன.

பதில் 3: வவுனிக்குளம்

மற்றவர்கள் பறவையையும் சிங்கத்தையும் சொல்லிவிட்டதால் நான் யானையைப் பற்றி எழுதுகிறேன். ஆனையிறவு என்று பெயர் வைத்துக்கொண்டு, ஊர்காவற்றுறைக்கு வெள்ளைக்காரன் சூட்டிய 'கைற்ஸ்' என்ற பெயரே யானை ஏற்றுமதித் துறையைக் குறித்த போர்த்துக்கேயச் சொல்லின் எச்சம் என்பதையும் வைத்துக்கொண்டு, நாம் யானையை மறந்துவிடக் கூடாது. குடாநாட்டில் இருப்பவர்களுக்கு யானை இன்று கோயில் வீதியில் வருவது. எங்களுக்கு இரவில் வாழைத்தோட்டத்துக்குள் வருவது.

2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 காட்டு யானைகள். அண்மைக் காலத்தில் சில ஆண்டுகளில் 400 க்கு மேற்பட்டவை இறந்துள்ளன. துப்பாக்கிச் சூடு, திருட்டு மின்சாரக் கம்பி, புகைவண்டி, அவற்றோடு பூசணிக்காய்க்குள் வெடிமருந்து வைத்து வாயைச் சிதைக்கும் 'ஹக்கபட்டாஸ்' என்று சாவுக்குப் பல வழிகள். வாய் சிதைந்த யானைக்குட்டி தண்ணீர் குடிக்கவும் முடியாமல் குளக்கட்டில் பல நாள் நின்று சாவதைப் பார்த்தவன் நான். பயிரைக் காக்க நினைத்தவனை வெறுக்கவும் முடியவில்லை. அவனுடைய நெல்லும் ஒரே இரவில் போயிருந்தது.

இவ்வளவு பூங்காக்கள் இருந்தும் ஏன் இந்த நிலை? தீவின் பரப்பில் ஏறக்குறைய 60 வீதத்தில் யானை நடமாடுகிறது. அந்தப் பரப்பில் கிட்டத்தட்ட 70 வீதத்தில் மக்களும் குடியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர் கண்டறிந்திருக்கின்றனர். யானை, பூங்காவுக்குள் இருந்துகொண்டு இடையிடையே ஊருக்குள் 'புகும்' விலங்கு என்ற எண்ணமே பிழை. முதிர்ந்த அடர்காட்டில் அதற்குப் போதிய தீனி கிடையாது. சேனை செய்து கைவிட்ட பற்றைக்காடும், கோடையில் வற்றும் குளத்தின் அடியில் முளைக்கும் புல்லும்தான் அதற்கு விருப்பமானவை. மின்னேரியாவில் ஆடி ஆவணியில் நூற்றுக்கணக்கான யானைகள் கூடுவது அந்தப் புல்லுக்காகத்தான். மேலேயிருந்து நீரைத் திறந்துவிட்டுக் கோடையிலும் குளத்தை நிரப்பி வைத்தால் புல் மூழ்கிப்போகிறது, யானை வயலைத் தேடுகிறது.

நீண்ட காலமாகச் செய்யப்பட்டது என்னவென்றால், வெடி கொளுத்தி யானைகளைத் துரத்திப் பூங்காவுக்குள் தள்ளி, எல்லையில் மின்வேலி போடுவது. தொல்லை கொடுக்கும் பெரிய ஆண் யானைகள் வெடிக்குப் பயப்படாமல் வெளியிலேயே நின்றுவிடும். பயந்து ஓடியவை தாய்களும் குட்டிகளும்தான். உள்ளே அடைபட்ட அந்தக் கூட்டங்கள் தீனியின்றி எலும்பும் தோலுமாகி, குட்டிகள் இறந்ததை ஆய்வாளர் தெற்கிலே பதிவு செய்திருக்கிறார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. வனஜீவராசிகளுக்கு ஒரு திணைக்களம், காட்டுக்கு வேறொரு திணைக்களம். பல இடங்களில் மின்வேலி ஓடியது இந்த இரு திணைக்களங்களின் காணி எல்லையில். வேலியின் இரு புறமும் காடு, இரு புறமும் யானை.

பயன் தந்த முறை, யானையைச் சுற்றியல்லாமல் ஊரைச் சுற்றி வேலி போடுவது. குடிமனைக்கு நிரந்தர வேலி. வயலுக்கு, விதைத்தது முதல் அறுவடை வரை மட்டும் வேலி, அறுவடை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவார்கள். கலேவெல, கல்கமுவப் பக்கங்களில் விவசாயிகளே காசு போட்டு, முறை வைத்துக் காவல் செய்து நடத்தியிருக்கிறார்கள். வேலி தன்னுடையது என்பதால் கம்பியில் கொடி படர்ந்தால் விவசாயி அன்றைக்கே வெட்டுகிறான். அரசு வேலியில் மரம் விழுந்தால் கடிதம் போய்க் கடிதம் வர வேண்டும்.

ஆகவே ஆசிரியை அவர்களே, யானைக்குப் பூங்கா தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. வில்பத்து இல்லாவிட்டால் கரடியும் சிறுத்தையும் இந்தப் பக்கத்தில் எப்போதோ முடிந்திருக்கும். அந்தச் சிறுத்தைகூட மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்களுக்குள், எந்தப் பூங்காவுக்கும் வெளியே வாழ்கிறது; பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் சிக்கிச் சாகிறது. 2020 இல் நல்லதண்ணியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று போனதும் அப்படித்தான்.

பதில் 4: வீரை மரம்

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்தையும் சொல்ல விடுங்கள். வன்னியில் எங்கள் ஊர் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பியபோது, தோட்டக் காணியில் பாலையும் வீரையும் தொடை மொத்தத்தில் வளர்ந்திருந்தன. அனுமதிப்பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. ஒரு நாள் எவரோ வந்து எல்லைக்கல் நட்டுப் போனார்கள். அது இனிக் காடு என்றார்கள். என் தகப்பனார் வெட்டிய கிணறு அந்தக் 'காட்டுக்குள்' இருக்கிறது.

என் மனத்தாங்கலை மட்டும் சொல்வதற்காக இதை எழுதவில்லை. முன்பெல்லாம் வெளியூர் வேட்டைக்காரன் ட்றக்டர் கொண்டு வந்தால் ஊரார் மறித்துக் கேட்பார்கள். மரை, மான், காட்டுக்கோழி எல்லாம் எங்கள் பக்கத்துக்குரியவை என்ற எண்ணம் இருந்தது. கல் நட்ட பிறகு, "அது அவங்கட காடு, அவங்கள் பார்க்கட்டும்" என்று பேச்சு மாறிவிட்டது. காவலுக்கு வருபவரோ மாதத்தில் ஒரு முறை வருகிறார்.

பதில் 5: உள்ளான்

வீரை மரம் அண்ணா சொன்னதை மறுக்க முடியாது. வேடந்தாங்கலில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமென்று கண்ட ஊரார், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கொக்குகளைச் சுட்டபோது, 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டரிடம் போய்ச் சுடக் கூடாதென்று எழுத்தில் உத்தரவு வாங்கினார்கள். அங்கே காவல் முதலில் வந்தது, சரணாலயம் என்ற பெயர் பிறகு வந்தது. ஆனால் ஒன்று, அண்ணா: பூநாரையின் எச்சம் எவருடைய வயலுக்கும் பாய்வதில்லை. ஊருக்கு நேரடிப் பயன் தராத விலங்கை எந்த ஊர் காக்கும் என்ற கேள்விக்குச் சட்டத்தை விட்டால் வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.

பதில் 6: பேசாலைக்காரன்

கடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஆவுளியா என்றும் கடற்பன்றி என்றும் சொல்லும் கடற்பசுவை எங்கள் அப்பு காலத்தில் வெட்டிப் பங்கு போட்டு விற்றார்கள். நான் உயிரோடு கண்டது இரண்டே முறைதான். அது சாதாளை என்ற கடற்புல்லை மேயும் விலங்கு. பத்து வயதளவில்தான் பருவமடையும். பதின்மூன்று, பதினான்கு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். இப்படிப்பட்ட விலங்கில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு வலையில் போனாலே கூட்டம் தேய்ந்துவிடும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு விட வேண்டியது என்பதால், வலையில் சிக்கினால் அது மூழ்கித்தான் சாகிறது. வலைக்காரன் அதைக் கொல்ல நினைத்திருக்க வேண்டும் என்பதில்லை.

இங்கே ஆதாம் பாலத்தை 18,990 ஹெக்டேயர் பூங்காவாக்கினார்கள். அக்கரையில் தமிழ்நாடு அரசு 2022 இல் பாக்கு நீரிணையில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரமாக 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. வலையை அறுத்து கடற்பசுவை விடுவிக்கும் கடற்றொழிலாளருக்கு அங்கே வனத்துறை சன்மானமும் கொடுக்கிறது. வலையின் விலை தெரிந்தவனுக்குத்தான் அந்தச் சன்மானத்தின் அருமை புரியும். நம் பக்கத்திலும் அப்படி ஒன்று இருந்தால், ஆவுளியா சிக்கியதை மறைக்காமல் சொல்ல ஆட்கள் வருவார்கள் என்பது என் எண்ணம்.

ஆனால் கடலில் எல்லைக்கல் நட முடியாது. கடலடியில் இழுக்கும் இழுவைமடி வலை சாதாளைப் படுகையை அடியோடு வழித்துக்கொண்டு போகிறது. இலங்கையில் 2017 இல் சட்டத்தால் அது தடை செய்யப்பட்டபோதும், அக்கரைப் படகுகள் இரவில் வந்து இழுப்பதை நாம் எல்லோரும் அறிவோம். மேய்ச்சல் தரையை உழுதுவிட்டுப் பசுவுக்குக் காப்பகம் வைத்தால் அது எங்கே மேயும்? இரு கரையிலும் காப்பகம் இருக்க, நடுவிலே புல் போய்க்கொண்டிருக்கிறது.

கேள்வி கேட்டவர்: தரவை

எல்லோருக்கும் மிக்க நன்றி. அந்தப் பையனிடம் திங்கட்கிழமை இப்படிச் சொன்னேன்: பறவை பலகையை வாசிக்காது, பலகை மனிதருக்காக எழுதப்பட்டது, ஆனால் பறவை பிழைப்பதற்கு வேறு நாடுகளிலும் பலகையும் காவலும் வேண்டும். "அப்ப அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேணுமே" என்றான்.

வீரை மரம் அண்ணாவின் கிணற்றை வகுப்பில் எப்படிச் சொல்வதென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லாமல் விடப் போவதில்லை.

ஒரு சிறு உதவி. ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடப்பதாக அறிந்தேன். வருகிற முறை பிள்ளைகளுக்கும் எண்ணப் பழக்க விரும்புகிறேன். ஆயிரக்கணக்கில் நிற்கும் பறவைகளைச் சிறுவர்கள் எப்படி எண்ணுவது?

பதில் 7: உள்ளான்

எளிது, ரீச்சர். முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதைக் கண்ணில் நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு அதே அளவான கட்டங்களாகக் கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்த்திக்கொண்டு போகலாம். பெருங்கூட்டமானால் பத்துக்குப் பதில் நூறு. இருவர் தனித்தனியே எண்ணி, ஒருவர் கணக்கை மற்றவருக்குச் சொல்லாமல் எழுதட்டும். வேறுபாடு பெரிதாக இருந்தால் திரும்ப எண்ணலாம். வெயில் ஏறி நீரில் கானல் ஆடத் தொடங்குமுன், சூரியனை முதுகுக்கு வைத்து, காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. இனம் தெரியாவிட்டால் 'தெரியாத உள்ளான், 340' என்று எழுதலாம். ஊகித்து எழுதக் கூடாது. நடுவிலே கூட்டம் எழுந்து பறந்துவிட்டால், அந்த நேரத்தையும், எழுப்பியது நாயா, படகா, பருந்தா என்பதையும் மறக்காமல் குறிக்கச் சொல்லுங்கள்.